சத்துணவு என்னும் சொல்

அரசுப் பள்ளிகளில் நண்பகல் மணி அடித்ததும் குழந்தைகள் தட்டோடு வரிசையில் நின்று வாங்கி உண்ணும் உணவுக்குத் தமிழ்நாட்டில் ‘சத்துணவு’ என்று பெயர். சத்து, உணவு ஆகிய இரு சொற்கள் சேர்ந்து உருவான தொகைச்சொல் இது. சொல்லின்படி பார்த்தால் உடலுக்கு வலுவூட்டும் எந்த உணவையும் இப்பெயரால் அழைக்கலாம். வழக்கில் அப்படி யாரும் அழைப்பதில்லை. வீட்டில் கீரையும் பருப்பும் சமைத்தவர் ‘சத்தான சாப்பாடு’ என்பாரே தவிர, ‘இன்று சத்துணவு சமைத்தேன்’ என்று சொல்லமாட்டார். பள்ளியில், அரசுச் செலவில், விலையின்றிக் கிடைக்கும் சமைத்த உணவு என்ற ஒரே பொருளில் அச்சொல் நிலைத்துவிட்டது.

‘உணவு’ என்பதன் வேர் ‘உண்’ என்னும் வினை. உண்டி, ஊண், உணா ஆகியவையும் அதே வேரில் கிளைத்தவை. புறநானூற்றின் 18ஆம் பாட்டில் குடபுலவியனார் ‘உண்டி கொடுத்தோர் உயிர்கொடுத் தோரே’ என்று பாடி, அடுத்து வரும் அடிகளில் ‘உணவு’ என்ற சொல்லையும் ஆள்கிறார்: ‘உணவெனப் படுவது நிலத்தொடு நீரே’. இரண்டு சொற்களும் ஒரே பாட்டில் அடுத்தடுத்து நிற்பது சொல்லாய்வுக்கு நல்ல சான்று. அந்தப் பாட்டு பாண்டியன் நெடுஞ்செழியனிடம், நீர்நிலைகளை அமைத்து விளைச்சலைப் பெருக்குமாறு கேட்கும் பாட்டு என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். மக்களின் பசியை அரசின் கடமையோடு சேர்த்துப் பேசுவது தமிழில் அவ்வளவு பழையது.

‘சத்து’ வடமொழி வழி வந்தது. உள்ளது, உண்மை என்ற பொருளில் சைவ சித்தாந்த நூல்களில் வழங்கும் ‘சத்து’ ஒன்று. சாரம், வலிமை என்ற பொருளில் மருத்துவத்திலும் அடுக்களையிலும் வழங்கும் ‘சத்து’ மற்றொன்று. நம் சொல்லில் இருப்பது இரண்டாவது. இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து, நார்ச்சத்து, மாவுச்சத்து என அறிவியல் தமிழும் இதைத் தயக்கமின்றி ஏற்றுக்கொண்டது. ‘சத்து இல்லாத பேச்சு’, ‘சத்தற்ற மண்’ என்று பேச்சுத் தமிழிலும் அது ஆழ வேரூன்றியிருக்கிறது.

பள்ளியில் உணவு வழங்கும் ஏற்பாட்டுக்கு முதலில் இந்தப் பெயர் இல்லை. 1920ஆம் ஆண்டு, நீதிக்கட்சித் தலைவர் பிட்டி. தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு ஒருவருக்கு ஓரணாவுக்கு மிகாத செலவில் உணவு வழங்கத் தீர்மானம் நிறைவேறியது. தீர்மானம் ஆண்ட சொல் ‘டிபன்’. அதற்குத் தமிழில் ‘சிற்றுண்டி’ என்போம். புலவர் பாடிய அதே ‘உண்டி’தான் ‘சிறு’ என்ற அடைமொழியோடு திரும்பி வருகிறது. ஓரணா என்ற உச்சவரம்பையும் இந்தச் சிறுமையையும் சேர்த்து நோக்கினால், அன்றைய நோக்கம் தெளிவாகும்: வயிறு காலியாக இருப்பதால் பள்ளிக்கு வராத பிள்ளையை வரவைக்க வேண்டும். உணவில் என்ன இருக்க வேண்டும் என்ற கேள்வி அப்போது எழவில்லை.

1956இல் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, நெ. து. சுந்தரவடிவேலு கல்வித்துறையின் பொறுப்பில் இருக்க, மாநில அளவில் திட்டம் எழுந்தது. தொடக்கத்தில் ஊர்மக்களின் பொருளுதவியாலும் பின்னர் அரசின் நிதி சேர்ந்தும் நடந்த அந்த ஏற்பாட்டை ‘மதிய உணவு’ என்றும் ‘பகலுணவு’ என்றும் அழைத்தார்கள். இங்கே சற்று நின்று ‘மதியம்’ என்ற சொல்லைப் பார்க்க வேண்டும். பழந்தமிழில் மதி என்றாலும் மதியம் என்றாலும் நிலவு. இன்று நாம் நண்பகலைக் குறிக்க வழங்கும் மதியம் அதனோடு தொடர்பில்லாதது. நடு என்ற பொருள்தரும் வடசொல்லின் வழியில், ‘மத்தியானம்’ என்பதற்கு உறவாக வந்தது. ஒரே வடிவம் ஒரு காலத்தில் இரவின் ஒளியையும் இன்னொரு காலத்தில் உச்சி வெயிலையும் குறித்திருக்கிறது. தனித்தமிழில் எழுத விரும்புவோர் ‘நண்பகல் உணவு’ என்று எழுதலாம். ‘பகலுணவு’ இன்னும் எளிது.

டிபன், மதிய உணவு, பகலுணவு ஆகிய பெயர்கள் எதை எப்போது உண்பது என்பதைச் சொல்கின்றன. உண்பதில் என்ன இருக்க வேண்டும் என்பதை முதன்முதலாகச் சொன்ன பெயர் சத்துணவுதான். 1982 ஜூலை 1 அன்று திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதலில் ஊரகப் பகுதிகளில் சிறு குழந்தைகளுக்கும் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கும், அதே ஆண்டில் நகரங்களுக்கும், 1984இல் பதினைந்து வயது வரையுள்ள மாணவர்களுக்கும் அது விரிந்தது. சத்துணவு அமைப்பாளர், சத்துணவு மையம், சத்துணவுக் கூடம் எனப் புதிய தொடர்கள் நாள்தோறும் புழங்கத் தொடங்கின. கணவரை இழந்தோர், ஆதரவற்றோர் எனப் பல்லாயிரம் பெண்களுக்கு அந்தத் தொடர்களே வாழ்க்கைத் தொழிலின் பெயராயின.

பெயரில் ‘சத்து’ இருந்ததால் விளைந்த நன்மை ஒன்று உண்டு என்பது என் உறுதியான கருத்து. அது, இந்தச் சோற்றில் சத்து எங்கே என்று யாரும் கேட்க இடம் தந்தது. 1989இல் இரு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்க்கப்பட்டது. பிறகு வாரம் ஒன்று, இரண்டு, மூன்று என உயர்ந்து, 2010இல் பள்ளி நாள் ஒவ்வொன்றுக்கும் ஒன்று என்ற நிலையை அடைந்தது. முட்டை உண்ணாத குழந்தைக்கு வாழைப்பழம் வந்தது. கொண்டைக்கடலையும் பாசிப்பயறும் பட்டியலில் ஏறின. 1995இல் ஒன்றிய அரசின் தேசியத் திட்டம் பிறந்தபோது பல மாநிலங்கள் தானியத்தை மூட்டையாக வீட்டுக்கு அனுப்பிக் கடமையை முடித்துக்கொண்டன. சமைத்த உணவையே தர வேண்டும் என்று 2001 நவம்பரில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. இன்று தொடக்க வகுப்புக் குழந்தைக்கு 450 கலோரியும் 12 கிராம் புரதமும், நடுநிலை வகுப்புக் குழந்தைக்கு 700 கலோரியும் 20 கிராம் புரதமும் என்று நாடெங்கும் அளவு குறிக்கப்பட்டிருக்கிறது. சத்து என்ற பழஞ்சொல் இப்போது எடைபோட்டுச் சரிபார்க்கக்கூடிய எண்ணாகிவிட்டது.

ஆனால் சொல்லின் பொருள் சுருங்கியதில் ஒரு துன்பமும் சேர்ந்தே வந்தது. நான் படித்த பள்ளியில் சத்துணவு உண்ணும் பிள்ளையை, பைக்குள் அலுமினியத் தட்டு சிலேட்டில் இடித்து எழுப்பும் ஓசையைக் கொண்டே கண்டுபிடித்துவிடலாம். தட்டின் விளிம்பில் ஆணியால் குத்திய பெயரின் முதலெழுத்து இருக்கும். அடி நெளிந்து, தரையில் வைத்தால் ஆடும். என் தோழி ஒருத்தி அந்த ஓசை கேட்காதிருக்கத் தட்டைத் தாவணித் துண்டில் சுற்றிக் கொண்டுவருவாள். ‘அவ சத்துணவு’ என்று மற்றவர்கள் சொன்னபோது, உணவின் பெயர் ஒரு பெண்ணின் பெயராகி அவளைத் தனியே உட்கார வைத்தது. எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே உணவு, ஒரே பந்தி என்று ஏன் வலியுறுத்த வேண்டும் என்பதற்கு எனக்கு இதைவிட வேறு காரணம் தேவைப்பட்டதில்லை. சிலர் மட்டும் உண்பது அடையாளமாகும். அனைவரும் உண்டால் அது வெறும் சாப்பாட்டு வேளை.

இனி நேர்த் தமிழ்ச்சொல். ‘சத்து’ என்பதற்கு ஈடாக நமக்கு ‘ஊட்டம்’ இருக்கிறது. காண் என்பதிலிருந்து காட்டு பிறந்ததுபோல உண் என்பதிலிருந்து ஊட்டு பிறந்தது: தான் செய்வது காணல், உண்ணல், பிறரைச் செய்விப்பது காட்டல், ஊட்டல். ஆகவே ‘ஊட்டம்’ என்ற சொல்லுக்குள், உண்பவரோடு ஊட்டுபவரும் இருக்கிறார். ‘ஊட்டவுணவு’ என்று சொன்னால் குழந்தையும் அதற்கு உணவளிக்கும் சமூகமும் ஒரே சொல்லில் அமர்கின்றன. பலரும் எழுதும் ‘ஊட்டச்சத்து’ அந்தத் தமிழ்ச்சொல்லையும் சத்தையும் இணைத்த கலப்பு; பொருள் ஏறத்தாழ இருமுறை வருகிறது என்றாலும் பிழையென்று தள்ள வேண்டியதில்லை. இலங்கைத் தமிழர் ‘போசாக்கு’, ‘போசணை’ என்றும் ஊட்டக் குறைவை ‘மந்தபோசணை’ என்றும் வழங்குவர். 2021இல் ஒன்றிய அரசு தன் பள்ளி உணவுத் திட்டத்துக்குச் சூட்டிய ‘போஷண்’ என்ற பெயரும் அதே வேருடையது. பேணி வளர்த்தல் என்பது அதன் கருத்து.

‘இலவச’ என்ற அடைமொழியைப் பற்றியும் ஒரு சொல். பள்ளி உணவுக்கு முன்னால் அதை ஒட்டுவது எனக்கு உடன்பாடில்லை. பள்ளியின் கரும்பலகையை இலவசக் கரும்பலகை என்று எவரும் சொல்வதில்லை. விலையின்மையைக் குறிக்க வேண்டிய இடத்தில் தமிழ்நாட்டு அரசின் ஆவணங்கள் பிற பொருள்களுக்கு வழங்கும் ‘விலையில்லா’ போதும்.

ஆய்வுக் கட்டுரையிலும் மருத்துவக் குறிப்பிலும் ‘ஊட்டவுணவு’ என்று எழுதுங்கள். பள்ளியைப் பற்றி எழுதும்போது ‘சத்துணவு’ என்பதை மாற்ற வேண்டாம், அதில் நாற்பதாண்டுக் காலத்தின் உழைப்பும் நினைவும் ஏறியிருக்கின்றன. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, மறு ஆண்டு அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த திட்டத்தின் பெயர் ‘காலை உணவு’. பெயர் மீண்டும் பொழுதுக்குத் திரும்பியிருக்கிறது. ஆனால் அங்கே ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் குழந்தைகள் எல்லோருக்குமாகவே பொங்கலும் கிச்சடியும் சமைக்கப்படுகின்றன. தட்டும் பள்ளியிலேயே இருக்கிறது.