ஆஸ்திரேலியாவில் போலீசிடம் சொன்னது கோர்ட்டில் நிற்கும்

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ ஆஸ்திரேலியாவுக்குக் குடிவந்த பலரிடம் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது: போலீஸ் ஸ்டேஷனில் என்ன சொன்னாலும் அது கோர்ட்டில் செல்லாது. ஊரில் அது பெருமளவு உண்மைதான். 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்றது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமும் அதையே 23ஆம் பிரிவில் தொடர்கிறது. இலங்கையின் சாட்சியக் கட்டளைச் சட்டத்திலும் இதே விதி உண்டு. பயங்கரவாதத் தடைச் சட்டம் அதை எப்படி உடைத்தது என்பதை ஈழத்து வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆஸ்திரேலியாவில் அப்படி ஒரு தடையே கிடையாது. போலீசிடம் முறையாகச் சொன்ன ஒப்புதல், அரசுத் தரப்பின் வலுவான சாட்சியங்களில் ஒன்றாக ஜூரி முன் ஒலிக்கும். உங்கள் முகமும் குரலுமாக, வீடியோவாக. ஊர் நினைப்பில் வாய்திறந்தவர்கள் இதை அறியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

ஆகவே முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது மௌன உரிமை. கைது செய்த அதிகாரி கேள்வி கேட்பதற்கு முன் ஒரு வாசகத்தைச் சொல்லியாக வேண்டும்: நீங்கள் எதையும் சொல்லவோ செய்யவோ வேண்டியதில்லை; சொல்வதும் செய்வதும் சாட்சியமாகப் பயன்படுத்தப்படலாம். 1995ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தின் 139ஆம் பிரிவு இது. அதே பிரிவில் நம்மவர்கள் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டிய ஒரு வரி இருக்கிறது. அந்த எச்சரிக்கை, சம்பந்தப்பட்டவர் ஓரளவு சரளமாகப் பேசக்கூடிய மொழியில் சொல்லப்பட வேண்டும், அல்லது அந்த மொழிக்குப் பெயர்க்கப்பட வேண்டும். கடையில் சாமான் வாங்கவும் பஸ் டிரைவரிடம் வழி கேட்கவும் போதுமான ஆங்கிலம், குற்ற விசாரணைக்குப் போதாது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. நியூ சவுத் வேல்ஸில் ஆங்கிலம் போதாதவருக்கு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது ஸ்டேஷனில் காவலுக்குப் பொறுப்பான அதிகாரியின் கடமை. செலவு உங்களுடையதல்ல. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் துணைக்கு ஒருவரை உடன் வைத்துக்கொள்ளவும் அங்குள்ள விதிகள் வழிசெய்கின்றன.

இந்த விதிகளின் பின்னால் ஒரு கசப்பான வரலாறு இருக்கிறது. 1976இல் வட ஆட்புலத்தில் (Northern Territory) பூர்வகுடி மக்கள் தொடர்பான ஒரு வழக்கில் நீதிபதி ஃபார்ஸ்டர் சில நெறிமுறைகளை வகுத்தார். அனுங்கா விதிகள் என்று இன்றும் அவை அறியப்படுகின்றன. அதிகாரம் உள்ளவர் கேட்கும்போது, அவர் எதிர்பார்க்கும் பதிலை மரியாதைக்காகச் சொல்லிவிடும் பழக்கம் பூர்வகுடி மக்களில் பலரிடம் இருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். எச்சரிக்கையைப் படித்துவிட்டு “புரிந்ததா?” என்று கேட்டால் “ஆமாம்” என்றுதான் பதில் வரும், அந்த ஆமாமுக்கு மதிப்பில்லை. ஆகவே எச்சரிக்கையைத் துண்டு துண்டாகச் சொல்லி, ஒவ்வொரு துண்டுக்கும் என்ன பொருள் என்று அவரையே திருப்பிச் சொல்லவைக்க வேண்டும் என்றார். படிக்கும்போது மனம் கனக்கிறது. ஏனென்றால் சீருடையைக் கண்டதும் “ஆமாம் சார், சரி சார்” என்று தலையாட்டும் பழக்கம் நம்மவர்களிடமும் உண்டு. அனுங்கா விதிகள் நமக்காக எழுதப்பட்டவை அல்ல. ஆனால் அந்த ஆமாம் எவ்வளவு ஆபத்தானது என்பதை நாமும் அதிலிருந்து கற்றுக்கொள்ளலாம். புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்லுங்கள். அந்தச் சொல்லும் பதிவில் ஏறும். பிற்பாடு வழக்கறிஞர் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பாக இருக்கும்.

பதிவு என்றேன். கடுமையான குற்றங்களில் போலீஸ் விசாரணையின்போது கொடுத்த ஒப்புதல், ஒலி அல்லது காட்சிப் பதிவு இல்லாவிட்டால் நியூ சவுத் வேல்ஸில் பொதுவாக ஏற்கப்படாது. பதிவு செய்யாததற்குத் தகுந்த காரணம் இருந்தால் மட்டுமே விலக்கு. சந்தேக நபரே பதிவை மறுப்பதும் அந்தக் காரணங்களில் ஒன்று. சொல்லாததைச் சொன்னதாக போலீசார் எழுதிக்கொண்ட காலம் அந்த நாட்டிலும் இருந்தது. காவலில் இருந்தவர் சொன்னதாகக் கூறப்பட்டு, வேறு ஆதாரம் எதுவும் இல்லாமல், அவர் மறுக்கும் ஒப்புதலை மட்டும் நம்பித் தண்டிப்பதன் ஆபத்தை ஜூரிக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று, நாட்டின் தலைமை நீதிமன்றமான ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1991இல் மெக்கினி வழக்கில் தீர்ப்பளித்த பிறகுதான் நிலைமை வேகமாக மாறியது.

ஆனால் பதிவு என்பது மேசைமேல் தெரியும் கருவி மட்டுமல்ல. 2007இல் உயர் நீதிமன்றம் தீர்த்த ஒரு கொலை வழக்கைப் பாருங்கள். சந்தேக நபர் ஸ்டேஷனில் பதிவு வேண்டாம் என்று மறுத்தவர். பிறகு அதிகாரிகள் வாரண்ட் பெற்று, மறைவான கருவியோடு அவரைச் சந்தித்து, பூங்காவில் பேச்சுக் கொடுத்தார்கள். பதிவாகிறது என்று தெரியாமல் அவர் பேசினார். அந்தப் பேச்சைச் சாட்சியமாக ஏற்றது சரியே என்று பெரும்பான்மை நீதிபதிகள் முடிவு செய்தார்கள். எனக்கு அந்த முடிவில் உடன்பாடில்லை. நீதிபதி கெர்பியும் மாறுபட்டே எழுதினார். இருந்தாலும் சட்டம் இன்று அதுதான். மௌனம் என்றால் விசாரணை அறையில் மட்டுமல்ல, போலீஸ் காரிலும் வராந்தாவிலும்கூட மௌனம். நண்பனுக்கு அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியும் ஒப்புதலாகலாம்.

மௌனமாக இருந்ததை வைத்து உங்களைக் குற்றவாளி என்று ஊகிக்கக் கூடாது என்பது அதே சாட்சியச் சட்டத்தின் 89ஆம் பிரிவு. நியூ சவுத் வேல்ஸ் மட்டும் 2013இல் இதில் ஓர் ஓட்டையைப் போட்டது. ஐந்து ஆண்டு அல்லது அதற்கு மேல் சிறைத்தண்டனைக்குரிய குற்றம், வயதுவந்த சந்தேக நபர், பக்கத்தில் வழக்கறிஞர், அவரோடு தனியாகப் பேச வாய்ப்பு, அதற்கென்றே ஒரு சிறப்பு எச்சரிக்கை: இவை அத்தனையும் கூடினால், அன்று சொல்லாமல் பின்னர் நீதிமன்றத்தில் முன்வைக்கும் எதிர்வாதத்தை ஜூரி சந்தேகத்தோடு பார்க்கலாம். வழக்கறிஞர் கூட இருந்தால்தான் இந்த ஆபத்து வருகிறது என்பதால், அங்கே வழக்கறிஞர்கள் பலர் ஸ்டேஷனுக்கு நேரில் போகாமல் தொலைபேசியிலேயே ஆலோசனை சொல்கிறார்கள். வழக்கறிஞர் நேரில் வரவில்லையே என்று கோபப்பட வேண்டாம். அது உங்கள் நன்மைக்காகவே இருக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மௌனம் பொருந்தாது. வண்டி ஓட்டுகிறவர் லைசென்சைக் காட்டி, பெயரும் முகவரியும் சொல்லியே ஆக வேண்டும். மூச்சுப் பரிசோதனையை மறுத்தால் அதுவே தனிக் குற்றம்.

எத்தனை நேரம் பிடித்துவைக்கலாம்? நியூ சவுத் வேல்ஸில் விசாரணைக்கு 6 மணி நேரம். வாரண்ட் பெற்றால் மேலும் 6 மணி நேரம் வரை. கூட்டரசு, அதாவது மத்திய அரசின் சட்டங்களுக்கு உட்பட்ட குற்றங்களில் பொதுவாக 4 மணி நேரம். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் பூர்வகுடி மக்களுக்கும் அது 2 மணி நேரம்தான். ஆனால் மொழிபெயர்ப்பாளருக்கோ வழக்கறிஞருக்கோ காத்திருக்கும் நேரம், ஓய்வு, மருத்துவம் எல்லாம் இந்தக் கணக்கில் சேராது. 6 மணி நேரம் முடிந்தும் வீட்டுக்கு விடவில்லையே என்று குடும்பம் பதறுவது இதனால்தான்.

சரி, இந்த விதிகளை போலீசார் மீறினால் வழக்கு விழுந்துவிடுமா? இல்லை. முறைகேடாகப் பெற்ற சாட்சியம் பொதுவாக ஏற்கப்படாது என்றுதான் சாட்சியச் சட்டத்தின் 138ஆம் பிரிவு தொடங்குகிறது. ஆனால் அதைச் சேர்ப்பதன் நன்மை, அப்படிப் பெற்றதன் தீமையை விஞ்சுகிறது என்று அரசுத் தரப்பு காட்டிவிட்டால் உள்ளே வந்துவிடும். குற்றம் எவ்வளவு கடுமையானது, சாட்சியம் எவ்வளவு முக்கியமானது, மீறல் எவ்வளவு பெரியது, தெரிந்தே செய்ததா தவறிப்போய் நடந்ததா என்று நீதிபதி ஒவ்வொன்றாக எடைபோடுவார். மீறல் நடந்தது என்பதை முதலில் நிரூபிக்க வேண்டியது உங்கள் தரப்பு. எந்த மொழியில் எச்சரிக்கை சொன்னார்கள், மொழிபெயர்ப்பாளர் கேட்டதற்கு என்ன பதில் வந்தது என்பதை வெளியே வந்த அன்றே எழுதிவைப்பது அதனால்தான் அவசியம்.

மேலே சொன்ன ஆஸ்திரேலியச் சாட்சியச் சட்டப் பிரிவு எண்கள், அந்தச் சட்டத்தைப் பின்பற்றும் கூட்டரசு, நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, டாஸ்மேனியா, தலைநகர் ஆட்புலம், வட ஆட்புலம் ஆகியவற்றுக்கானவை. குயின்ஸ்லாந்திலும் தெற்கு ஆஸ்திரேலியாவிலும் சட்டம் தனி.

கடைசியாக, விசாவில் இருப்பவர்களுக்கு. “ஒப்புக்கொண்டால் சீக்கிரம் முடிந்துவிடும்” என்று யார் சொன்னாலும் உடனே தலையாட்டாதீர்கள். குடியேற்றச் சட்டத்தின் 501ஆம் பிரிவின்படி 12 மாதம் அல்லது அதற்கு மேல் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டாலே விசா ஆபத்துக்குள்ளாகும். அப்படித் தண்டிக்கப்பட்டு முழுநேரச் சிறையில் இருப்பவரின் விசாவை அமைச்சர் ரத்து செய்தே ஆக வேண்டும். பல ஆண்டுகளாக நிரந்தர விசாவில் வாழ்பவரும் இதற்கு விலக்கல்ல. குற்ற வழக்கைப் பார்க்கும் வழக்கறிஞருக்கு உங்கள் விசா விவரம் தானாகத் தெரியாது. முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.