ஓசுவின் கேமரா ஏன் தரையோடு கிடக்கிறது?

ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் படங்களைப் பற்றி எழுதுகிறவர்களில் பாதிப்பேர் ‘ஜென்’ என்ற சொல்லில் போய் நின்றுவிடுவார்கள். அவருடைய கல்லறையில் இன்மையைக் குறிக்கும் ‘மு’ என்ற ஒற்றை எழுத்து மட்டுமே இருப்பதும் அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. ஆனால் இயக்குநர்கள் மிசோகுச்சியும் குரோசாவாவும்கூட ஜப்பானியர்கள்தான். கேமராவை அவர்கள் இவரைப்போலத் தரையோடு வைக்கவில்லை. ஓசுவின் ஷாட்டைப் பார்த்ததுமே ‘இது அவருடையது’ என்று சொல்ல வைப்பவை பெரும்பாலும் அளக்கக்கூடிய விஷயங்கள்: கேமரா நிற்கும் உயரம், லென்ஸின் குவியத்தூரம் (காட்சி எவ்வளவு அகலமாக விழும் என்பதை முடிவுசெய்யும் மி.மீ. அளவு), பேசுகிறவர்கள் பார்க்கும் திசை. முதல் இரண்டையும் முடிவுசெய்துவிட்டால் செட்டை எப்படிப் போடுவது, எங்கே வெட்டுவது என்பதெல்லாம் கணக்காகவே வந்து விழுகின்றன.

லென்ஸிலிருந்து தொடங்கலாம். ஓசு பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸ் ஒன்றையே பயன்படுத்தினார். அகலத்திரை வந்த பிறகும் பழைய சதுரப்பாங்கான ஃபிரேமை அவர் விடவில்லை. 35 மி.மீ. பிலிமில் அந்த ஃபிரேம் ஏறத்தாழ 22 மி.மீ. அகலம், 16 மி.மீ. உயரம். ஆகவே ஃபிரேமுக்குள் அடங்கும் உயரத்தைக் கண்டுபிடிக்க, கேமராவுக்கும் ஆளுக்கும் உள்ள தூரத்தை 16-ஆல் பெருக்கி 50-ஆல் வகுத்தால் போதும். அதாவது தூரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு.

ஜப்பானிய வீடுகளின் தரையில் பதிக்கும் தாதாமி பாயில் மண்டியிட்டு அமர்ந்திருக்கும் ஒருவரின் தலை தரையிலிருந்து சுமார் 85 செ.மீ. உயரத்தில் இருக்கும். தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு 120 செ.மீ. உயரம் ஃபிரேமில் வேண்டுமென்றால் கேமரா 3.75 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அதைச் சாய்க்காமல் சரிமட்டமாக 60 செ.மீ. உயரத்தில் வைத்தால் ஃபிரேமின் கீழ்விளிம்பு அவர் முழங்காலடியில் தரையைத் தொடும், மேல்விளிம்பு 120 செ.மீ.-இல் முடியும். ஆள் கச்சிதமாக உட்கார்ந்துவிடுவார்.

கேமராவுக்கும் ஆளுக்கும் நடுவே உள்ள 3.75 மீட்டர் தரை இப்போது ஃபிரேமில் இல்லவே இல்லை. அதற்குப் பின்னால் இருக்கும் தரைதான் தெரியும், அதுவும் நசுங்கிப்போய். 3.75 மீட்டரிலிருந்து 7.5 மீட்டர் வரையுள்ள தரை முழுவதும் ஃபிரேமின் உயரத்தில் கால்பங்குக்குள் சுருண்டுவிடுகிறது. இதே காட்சியை நின்றுகொண்டு 150 செ.மீ. உயரத்திலிருந்து எடுத்தால் கேமராவைக் கீழ்நோக்கிச் சாய்த்தாக வேண்டும். பாய்களின் கறுப்புக் கரைகள் ஃபிரேம் முழுக்கச் சாய்கோடுகளாக ஓடும், ஆளின் இடுப்புக்குப் பின்னால் சுவருக்குப் பதில் பாய்தான் இருக்கும், செங்குத்துத் தூண்களும் கீழ்நோக்கிக் குவியும். ஓசுவின் அறைகளில் தூண்கள் தூண்களாக நிற்பதற்குக் காரணம் கேமரா ஏறக்குறைய சரிமட்டமாக இருப்பதுதான்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பதற்கு ஓசுவே சொன்ன காரணத்தில் தத்துவம் ஏதும் இல்லை. 1928-இல் ‘நிகுதாய்பி’ என்ற படத்துக்கு மது விடுதி செட் ஒன்றில் படம் எடுத்தபோது விளக்குகள் குறைவு. ஒவ்வொரு ஷாட்டுக்கும் அவற்றை இடம் மாற்ற வேண்டியிருந்ததால் தரையெங்கும் வயர்கள். அவற்றை ஒதுக்கிக்கொண்டிருப்பதைவிடத் தரையையே ஃபிரேமிலிருந்து ஒதுக்கிவிடுவது சுலபமாக இருந்தது. மேலே போட்ட கணக்கின்படி பார்த்தால் அது முற்றிலும் சரியான தீர்வு.

60 செ.மீ. என்பது கணக்குக்காக எடுத்துக்கொண்டது. அலுவலகத்தில் நாற்காலியில் இருப்பவரை எடுக்கும்போது உயரம் மாறும், சில ஷாட்டுகளில் லேசாக அண்ணாந்தும் இருக்கும். மாறாதது, படம்பிடிக்கப்படுகிறவரின் கண்ணுக்குக் கீழேயே லென்ஸ் இருப்பது. ‘பாயில் அமர்ந்திருப்பவரின் பார்வைக்கோணம்’ என்று பலரும் சொல்வது ஆகவே அவ்வளவு துல்லியமல்ல. அமர்ந்திருப்பவரின் கண் சுமார் 75 செ.மீ.-இல் இருக்கும். ஓசுவின் லென்ஸ் அதற்கும் கீழே. வேண்டுமானால் தவழும் குழந்தையைவிடச் சற்று உயரம் எனலாம்.

இன்னொரு பிழையான விளக்கமும் உண்டு: ‘50 மி.மீ. லென்ஸ் ஆழத்தை அமுக்குகிறது’ என்பது. லென்ஸ் எதையும் அமுக்குவதில்லை, தூரம்தான் அமுக்குகிறது. முன்னே ஒருவர் 3.75 மீட்டரிலும் பின்னே ஒருவர் 5 மீட்டரிலும் இருந்தால் முன்னிருப்பவர் 1.33 மடங்கு பெரிதாகத் தெரிவார். அதே இருவரை, முன்னிருப்பவருக்கு 1.5 மீட்டர் தூரம் வரை நெருங்கிப் போய் அகலக் கோண லென்ஸில் எடுத்தால் விகிதம் 1.83 ஆகிவிடும்: முன்னிருப்பவர் பூதம், பின்னிருப்பவர் பொம்மை. கூடவே இன்னொரு விதி வேலை செய்கிறது. சரிமட்டமான கேமராவின் உயரத்தில் உள்ள எந்தப் பொருளும், அருகில் இருந்தாலும் தொலைவில் இருந்தாலும், ஃபிரேமின் நட்டநடுக் கோட்டில்தான் விழும். லென்ஸ் மார்பு உயரத்தில் இருப்பதால் அறையில் அமர்ந்திருக்கும் அத்தனை பேரின் மார்பும் ஒரே கோட்டில் நிற்கிறது, தலைகளும் ஏறக்குறைய ஒரே வரிசையில் வந்துவிடுகின்றன. ஒரு குடும்பம் முழுதும் சமமாக நடத்தப்படுவது போன்ற அந்த உணர்வில் இந்த வடிவியலுக்கும் பங்குண்டு.

சிக்கல் அறையின் அளவில் வருகிறது. ஒரு தாதாமி சுமார் 1.8 மீட்டருக்கு 0.9 மீட்டர். ஆறு பாய் அறை என்றால் 3.6-க்கு 2.7. தேவையான தூரமோ 3.75. கேமரா அந்த அறைக்குள் கொள்ளாது. அதனால் கேமரா பக்கத்து அறையிலோ தாழ்வாரத்திலோ உட்கார்ந்துகொள்கிறது, நடுவே உள்ள நகர்கதவுகளின் சட்டங்கள் ஃபிரேமின் இருபுறமும் வந்து இன்னொரு ஃபிரேமாகின்றன. சுவரைக் கழற்றக்கூடிய செட் இல்லாமல் இது நடக்காது. ஷோச்சிகு திரைப்பட நிறுவனத்தின் ஓஃபுனா ஸ்டுடியோவில்தான் அவருடைய புகழ்பெற்ற வீடுகள் பெரும்பாலும் எழுந்தன. அமர்ந்திருப்பவர் எழுந்தால்? 120 செ.மீ.-க்கு மேல் ஃபிரேமே இல்லை, தலை வெட்டுப்படும். மற்ற இயக்குநர்கள் கேமராவை அண்ணாத்துவார்கள். ஓசு எழும் அசைவின் நடுவிலேயே வெட்டி, இன்னும் பின்னால் தள்ளி வைத்த ஷாட்டுக்குப் போய்விடுவார். 1932 வாக்கில் எடுத்த மௌனப் படங்களில் கேமரா தாராளமாக நகர்ந்துகொண்டிருந்தது. 1953-இல் ‘டோக்கியோ ஸ்டோரி’ வரும்போது நகர்வது அபூர்வமாகிவிட்டது. 1958-இலிருந்து 1962 வரை எடுத்த ஆறு வண்ணப் படங்களில் கேமரா நகரவே இல்லை.

திரைப்படப் பள்ளியில் மதிப்பெண் குறைக்கக்கூடிய விஷயம் பார்வைத் திசை. இருவர் எதிரெதிரே பேசும்போது அவர்களுக்கு நடுவே ஒரு கற்பனைக் கோடு உண்டு, கேமரா அதன் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது பாடம். அப்போதுதான் ஒருவர் வலப்புறம் பார்ப்பார், மற்றவர் இடப்புறம் பார்ப்பார், இருவர் பார்வையும் சந்திப்பதுபோல் தோன்றும். ஓசு கேமராவை இருவருக்கும் நடுவே, ஏறக்குறைய அந்தக் கோட்டின் மேலேயே வைக்கிறார். முதலாமவர் லென்ஸுக்குச் சற்றே இடப்புறம் பார்த்துப் பேசுகிறார். அடுத்த ஷாட்டுக்குக் கேமரா ஏறத்தாழ 180 பாகை திரும்புகிறது. இரண்டாமவரும் லென்ஸுக்குச் சற்றே இடப்புறமே பார்க்கிறார். பாடத்தின்படி இருவரும் ஒரே பக்கம் இருக்கும் மூன்றாவது ஆளைப் பார்க்கிறார்கள்.

ஆனாலும் நமக்கு வழி தப்புவதில்லை. யார் எங்கே இருக்கிறார் என்பதை முதலில் ஒரு முழு ஷாட் காட்டிவிடுகிறது. அதைவிட முக்கியம், இரு தலைகளும் திரையில் ஒரே இடத்தில், ஒரே அளவில் விழுவது. நம் கண் புதிய இடத்துக்குத் தாவத் தொடங்கவே சுமார் 0.2 வினாடி ஆகும், அதாவது ஐந்து ஃபிரேம். வழக்கமான படங்களில் ஒவ்வொரு வெட்டுக்கும் கண் இப்படி இடவலமாக அலைகிறது. ஓசுவில் அலைய வேண்டியதில்லை. ஒரு முகம் இருந்த இடத்தில் இன்னொரு முகம், அவ்வளவுதான். லென்ஸ் உயரமோ தூரமோ இரு ஷாட்டுக்கும் கொஞ்சம் பிசகினாலும் தலை துள்ளும், தந்திரம் கெட்டுவிடும். ஒளிப்பதிவாளர் யூஹாரு அட்சுதாவுடன் அவர் வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்துக்கொண்டு கிண்ணத்தைச் சில சென்டிமீட்டர் நகர்த்தச் சொன்னதெல்லாம் வெறும் பிடிவாதமல்ல. ஃபிரேமின் அமைதிக்காகக் கன்டினியூட்டியைப் பலிகொடுக்கவும் தயங்கமாட்டார். முதல் வண்ணப் படமான ‘ஹிகன்பனா’வில் ஒரு சிவப்புக் கெட்டில் ஷாட்டுக்கு ஷாட் இடம் மாறிக்கொண்டே இருக்கும். சிவப்பு நன்றாக விழும் என்றுதான் அந்தப் படத்துக்கு ஆக்ஃபா பிலிமைத் தேர்ந்தெடுத்தார்.

நேரத்தையும் அவர் அளந்தார். வினாடியோடு பிலிமின் அடியையும் ஃபிரேமையும் காட்டும் தனி ஸ்டாப்வாட்ச் வைத்திருந்தார். ஓர் அடிக்கு 16 ஃபிரேம், வினாடிக்கு ஒன்றரை அடி. காட்சிகளுக்கு இடையே வரும் துணிக்கொடி, புகைபோக்கி, ஆளில்லாத தாழ்வாரம் போன்ற ஷாட்டுகளைத் திரைப்பட ஆய்வாளர் நோயல் பர்ச் ‘தலையணை ஷாட்’ என்றார். அந்தப் பெயர் ஜப்பானியக் கவிதையில் வரும் ‘தலையணைச் சொல்’லிலிருந்து எடுத்தது. அது நம் அடைமொழிக்குக் கிட்டத்தட்ட உறவு.

செல்போனில் செய்து பார்ப்பவர்கள் வழக்கமாகத் தோற்பது ஒரே இடத்தில்தான்: கேமராவைத் தரையருகே இறக்கிவிட்டு லென்ஸை அப்படியே விட்டுவிடுவார்கள். போனின் சாதாரண லென்ஸ் ஸ்டில் கேமரா கணக்கில் 24 மி.மீ. அளவு. ஓசுவின் 50 மி.மீ. லென்ஸ் அதே கணக்கில் சுமார் 82 மி.மீ. அகல லென்ஸில் முழங்கால் வீங்கும், சீலிங் ஃபேன் வரை உள்ளே வரும். 3எக்ஸுக்கு மாற்றுங்கள். போனை 60 செ.மீ. உயரத்தில் முக்காலியிலோ புத்தக அடுக்கிலோ வைத்து, திரையில் கிரிட் போட்டு, கதவு நிலை கோட்டுக்கு இணையாக நிற்கிறதா என்று பாருங்கள். ஆளை 3.75 மீட்டரில் உட்கார வையுங்கள். முதுகு சுவரில் இடித்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போய் வாசலின் ஊடாக எடுங்கள். நிலைச்சட்டம் ஃபிரேமுக்குள் வந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.