ஒற்றை மருந்துக்கு அடங்காத டெங்கு

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் சேலத்து மருந்துக் கடைகளில் அடிக்கடி கேட்கும் குரல், "காய்ச்சலுக்கு ஒரு செட் மாத்திரை குடுங்க" என்பதுதான். காய்ச்சலுக்கு ஒன்று, உடம்பு வலிக்கு ஒன்று, கூடவே ஒரு ஆன்டிபயாடிக் என்று சின்னக் கவரில் போட்டுத் தருவார்கள். வந்திருப்பது டெங்கு என்றால் அந்தக் கவரில் இருக்கும் எதுவும் வைரஸைத் தொடாது. வலிக்குக் கொடுக்கும் புரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவை ரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டவும் செய்யும். டெங்கு வைரஸுக்கென்று அனுமதி பெற்ற மருந்து இன்னும் உலகில் எங்கும் இல்லை. பாராசிட்டமாலும் அளவறிந்து ஏற்றும் திரவமும்தான் இன்றைய சிகிச்சை.

ஆனால் மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் யோசனையில் பிழையில்லை. எதோடு எதை, எதற்காகச் சேர்க்கிறோம் என்பதே கேள்வி.

டெங்கு வைரஸின் மரபுச் செய்தியான ஆர்.என்.ஏ. ஏறக்குறைய 10,700 எழுத்துகள் கொண்டது. அதைப் படியெடுக்கும் நொதிக்குத் தன் பிழையைத் திருத்தத் தெரியாது. சுமார் 10,000 எழுத்துக்கு ஒரு பிழை விழும் என்று வைத்துக்கொண்டால், புதிதாகப் பிறக்கும் ஒவ்வொரு வைரஸும் சராசரியாக ஓரிடத்தில் மாறியிருக்கும். நோயாளியின் ரத்தத்தில் கோடிக்கணக்கில் வைரஸ்கள் இருக்கும்போது, ஒரு மருந்துக்குத் தப்பிக்கும் ரகமும் அதற்குள் இருக்கத்தான் செய்யும். வேறொரு இடத்தைத் தாக்கும் இரண்டாவது மருந்தையும் சேர்த்தால், ஒரே வைரஸ் இரண்டுக்கும் தப்பும் வாய்ப்பு 10,000-ஐ 10,000-ஆல் பெருக்கிய கணக்கில், 10 கோடியில் ஒன்றாகக் குறைகிறது. எச்.ஐ.வி.க்கு 1996 வாக்கில் வந்த மும்மருந்துச் சிகிச்சையின் அடிப்படை இதுதான். டெங்குவின் குடும்பத்தைச் சேர்ந்த ஹெபடைடிஸ் சி வைரஸையும் இப்போது கூட்டு மாத்திரைகளால் சில வாரங்களில் உடலிலிருந்தே நீக்கிவிடுகிறார்கள்.

சரி, டெங்கு ஒரு வாரத்தில் முடிகிற நோயாயிற்றே, மருந்தை எதிர்க்கும் திறன் வைரஸுக்கு வளர அவ்வளவு அவகாசம் ஏது? நியாயமான கேள்வி. என்னைக் கேட்டால், டெங்குவைப் பொறுத்தவரை இன்னொரு காரணமே பெரியது: ஒரு மருந்து இன்னொன்றின் பலத்தைக் கூட்டுவது.

சில மருந்துகள் ஆர்.என்.ஏ. எழுத்துகளின் போலிகள். வைரஸின் நொதி அவற்றை அசல் என்று நம்பிக் கோத்துவிட்டால் படியெடுப்பு அதோடு நின்றுபோகும். சிக்கல் என்னவென்றால், செல்லுக்குள் அசல் எழுத்துகள் ஏராளம். செவ்வாய்பேட்டை கொலுசுப் பட்டறையில் ஒரு கூடை வெள்ளிச் சலங்கைக்குள் நாலு போலிகளைப் போட்டால், கைக்கு அகப்படுவது பெரும்பாலும் வெள்ளிதான். கூடையில் வெள்ளியைக் குறைத்துவிட்டால்? ரிபாவிரின் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து செய்வது அதைத்தான். செல்லுக்குள் குவானோசின் என்ற அசல் எழுத்தின் இருப்பை அது குறைக்கிறது. 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், குவானோசின் போலியான ஐ.என்.எக்ஸ்-08189 என்ற மருந்தை ரிபாவிரினோடு சேர்த்தபோது, டெங்கு வைரஸை அடக்கும் ஆற்றல் இரண்டையும் கூட்டினால் வருவதைவிட அதிகமாக இருந்தது. இதெல்லாம் ஆய்வகத்துச் செல்களில். அந்த ஐ.என்.எக்ஸ்-08189 ஹெபடைடிஸ் சி நோயாளிகளின் இதயத்தைப் பாதித்ததால் 2012-லேயே அதன் மனிதச் சோதனையை நிறுத்தியிருந்தார்கள். மருந்து போனாலும் அது காட்டிய வழி மிச்சமிருக்கிறது.

எந்த ஜோடி சேரும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. 96 குழிகள் கொண்ட தட்டில் ஒரு மருந்தின் அளவை நெடுக்காகவும் மற்றதன் அளவைக் குறுக்காகவும் படிப்படியாக மாற்றி, ஒவ்வொரு குழியிலும் வைரஸ் எவ்வளவு பெருகியது என்று பார்க்கிறார்கள். சில ஜோடிகள் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்வதும் உண்டு. மாறாக, சிக்குன்குனியாவுக்கு இன்டர்ஃபெரான் ஆல்ஃபாவும் (வைரஸை எதிர்க்க உடலே சுரக்கும் ஒரு புரதம்) ரிபாவிரினும் ஒன்றுக்கொன்று கைகொடுத்தன. அதுவும் செல்களில்தான்.

நோயாளியிடம் போகும்போது தடையாக நிற்பது காலம். கொசு கடித்து 4 முதல் 10 நாளில் காய்ச்சல் வரும். ரத்தத்தில் வைரஸ் உச்சத்தில் இருப்பது காய்ச்சலின் முதல் சில நாட்கள். காய்ச்சல் விடும் சமயத்தில் வைரஸ் இறங்கிக்கொண்டிருக்கும். ரத்த நாளங்கள் கசிவதும் தட்டணுக்கள் சரிவதும் அப்போதுதான். அன்றைக்கு வைரஸ் மருந்தை மட்டும் கொடுத்துப் பெரிய பலன் இருக்காது. அதனால் வைரஸை அடக்கும் மருந்தோடு நாளக் கசிவைத் தடுக்கும் மருந்தையும் சேர்க்க முயல்கிறார்கள். ஸ்டீராய்டு அதற்கு உதவும் என்று எதிர்பார்த்து வியட்நாமில் பிரெட்னிசலோன் கொடுத்துப் பார்த்தார்கள். பயனில்லை. வைரஸ் வெளியிடும் என்.எஸ்.1 என்ற புரதமே நாளச் சுவரைக் கெடுக்கிறது என்று தெரிந்தபின், அதைப் பிடித்து முடக்கும் எதிர்ப்பொருட்கள் (ஆன்டிபாடி) மீது கவனம் திரும்பியிருக்கிறது.

அதே என்.எஸ்.1-ஐ முதல் நாள் ரத்தத்திலேயே கண்டுபிடிக்கலாம். கூட்டு மருந்து என்றாவது வந்தால், காபித் தோட்டத்தில் வேலை செய்பவர் ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் வந்து படுக்கும் வரை அது காத்திருக்கக் கூடாது. சோதனையும் மாத்திரையும் மலை மேல் உள்ள சுகாதார நிலையத்தில், காய்ச்சலின் முதல் நாளே கிடைக்க வேண்டும்.