சராசரிவேகக் கேமரா: சொல்லும் பொருளும்

ஒரு சாலைப்பகுதியின் தொடக்கத்திலும் முடிவிலும் வண்டியின் எண்பலகையைப் படித்து, இடைப்பட்ட தூரத்தைக் கடக்க அது எடுத்துக்கொண்ட நேரத்திலிருந்து வேகத்தைக் கணக்கிடும் ஏற்பாட்டுக்குத்தான் சராசரிவேகக் கேமரா என்று பெயர். பெயரில் கேமரா இருப்பதால், படம் பிடிக்கிற கருவியே வேகத்தையும் அளக்கிறது என்ற எண்ணம் பரவலாக உண்டு. உண்மையில், வந்தது எந்த வண்டி, எந்த நொடியில் வந்தது என்று குறித்துக்கொள்வதோடு கேமராவின் வேலை முடிந்துவிடுகிறது. வேகத்தைச் சொல்வது கடிகாரமும் சாலையின் நீளமும்தான். ஆகவே இந்தப் பெயரின் பாரம் முழுவதும் 'சராசரி' என்ற சொல்லின் மேல்தான் விழுகிறது. அதிலிருந்தே தொடங்கலாம்.

'சராசரி' தமிழ் வேரில் பிறந்த சொல் அல்ல. பாரசீகத்தில் 'சர்' என்றால் தலை. சர்க்கார், சர்தார் ஆகிய சொற்களின் முன்னால் நிற்பதும் அதே தலைதான். 'சராசர்' என்றால் தலைக்குத் தலை, அதாவது ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, முழுவதும். அதிலிருந்து பிறந்த 'சராசரி' உருது வழியாகத் தமிழுக்கு வந்தது. மராத்தியிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே சொல் இதே பொருளில் வழங்குகிறது. அசைவனவும் அசையாதனவும் சேர்ந்த உலகத்தைக் குறிக்கும் 'சராசரம்' என்ற வடசொல்லுக்கும் இதற்கும் ஒலியொற்றுமை தவிர வேறு உறவில்லை. இரண்டையும் முடிச்சுப்போட்டுப் பொருள் சொல்வோர் உண்டு, அது தவறு.

ஆங்கிலத்தின் 'ஆவரேஜ்' கடல்வழி வந்த சொல். அரபியில் சரக்குக்கு நேர்ந்த சேதத்தைக் குறித்த 'அவார்' என்ற சொல், மத்தியதரைக் கடல் வணிகர்களிடையே 'அவாரியா' ஆனது என்பது பெரும்பாலான சொல்லாய்வாளர்களின் கருத்து. புயலில் கப்பலைக் காப்பாற்றச் சரக்கில் ஒரு பகுதியைக் கடலில் எறிய நேர்ந்தால், அந்த இழப்பைச் சரக்கு ஏற்றிய எல்லாரும் பங்கிட்டுக்கொள்வார்கள். அந்தப் பங்கீட்டுக் கணக்குதான் பின்னாளில் கூட்டி வகுத்த அளவு என்ற பொதுப்பொருளைப் பெற்றது. கப்பல் காப்பீட்டில் பழைய பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது.

மற்ற இரண்டு சொற்களைச் சுருக்கமாகப் பார்க்கலாம். 'கேமரா' என்பது லத்தீனில் வளைகூரை கொண்ட அறை. சிறு துளை வழியே ஒளி புகுந்து எதிர்ச்சுவரில் பிம்பம் விழும் இருட்டறையை 'கேமரா அப்ஸ்க்யூரா' என்றார்கள். பின்சொல் உதிர்ந்து 'அறை' மட்டும் கருவியின் பெயராக நின்றுவிட்டது. 'வேகம்' வடசொல், 'விரைவு' தமிழ்ச்சொல். "கதழ்வும் துனைவும் விரைவின் பொருள" என்று தொல்காப்பியம் அருஞ்சொற்களுக்குப் பொருள் சொல்லும்போது, எல்லாருக்கும் தெரிந்த சொல்லாக 'விரைவு' நிற்கிறது. இலங்கைப் பாடநூல்கள் திசை சேராத வேகத்தைக் 'கதி' என்றும் திசையோடு சேர்ந்ததை 'வேகம்' என்றும் பிரிக்கின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அவை முறையே வேகம், திசைவேகம்.

இனி, கருவி இயங்கும் விதம். தூணின்மேல் உள்ள கேமரா கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சுகிறது. எண்பலகையின் பின்னணி அந்த ஒளியைத் திருப்பி அனுப்ப, எழுத்துகள் மட்டும் கறுத்துத் தெரிகின்றன. மென்பொருள் அவற்றை எழுத்தாகப் படித்து நேரத்தோடு பதிகிறது. அடுத்த தூணிலும் அதே எண் வந்ததும் இரண்டு பதிவுகளும் இணைகின்றன. பளிச்சென்ற ஒளி எதுவும் இல்லாததால், தன் வண்டி பதிவானதா என்று ஓட்டுநருக்குத் தெரிய வழியில்லை. தூரத்தை அளக்கும்போது அந்தச் சாலையில் போகக்கூடிய மிகக் குறுகிய பாதையையே எடுத்துக்கொள்வது வழக்கம். வளைவுகளில் உள்ளோரமாகவே போனவருக்குக்கூட வேகம் கூடுதலாகக் கணக்காகிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கமும் இதுதான்.

10 கிலோமீட்டர் நீளம், மணிக்கு 80 கிலோமீட்டர் வரம்பு என்று வைத்துக்கொள்வோம். வரம்புக்குள் போகிறவருக்குக் குறைந்தது 7 நிமிடம் 30 நொடி ஆகவேண்டும். ஒருவர் முதல் பாதியை 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் 3 நிமிடம் போய்விடும். மீதி 5 கிலோமீட்டருக்கு அவர் நாலரை நிமிடம் எடுத்துக்கொள்ளவேண்டும், அதாவது மணிக்கு சுமார் 67 கிலோமீட்டர். 100-க்கு ஈடாக 60 என்று மனக்கணக்குப் போட்டு ஓட்டினால் மொத்தம் 8 நிமிடமாகும், சராசரி 75-தான் வரும். வேகங்களைக் கூட்டி இரண்டால் வகுப்பது சராசரி வேகம் ஆகாது. மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுக்கவேண்டும். பள்ளியில் படித்த இந்த வேறுபாட்டைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

சராசரி 80-ஐத் தாண்டியிருந்தால், இடையில் ஏதோ ஒரு கணத்தில் வண்டி 80-ஐத் தாண்டியே இருக்கவேண்டும். நுண்கணிதம் இதைத் தேற்றமாகவே நிறுவியிருக்கிறது. ஆகவே எந்த இடத்தில் மீறினார் என்று காட்ட முடியாவிட்டாலும், மீறினார் என்பதில் ஐயமில்லை. மறுதலை உண்மையல்ல: சராசரி வரம்புக்குள் இருப்பதால் ஒருவர் எங்குமே மீறவில்லை என்று ஆகாது.

ஓட்டுநர்கள் நடந்துகொள்ளும் விதம் இந்த இடத்தில்தான் மாறுகிறது. ஓரிடத்தில் மட்டும் அளக்கும் கேமராவின் முன் பிரேக் போட்டு, தாண்டியதும் மீண்டும் விரைவது பழக்கமாகிவிட்டது. இதை ஆய்வாளர்கள் கங்காரு விளைவு என்பார்கள். திடீர் பிரேக் பின்னால் வருபவருக்கு ஆபத்து. சராசரிவேகக் கேமராவில் அந்தத் தந்திரத்துக்குப் பயனில்லை. ஆனாலும் ஒவ்வொரு தூணின் கீழும் பழக்கதோஷத்தால் பிரேக்கை மிதிப்பவர்கள் இருக்கிறார்கள். மற்றவர்கள், வேகத்தைத் தானே ஒரே அளவில் வைத்திருக்கும் க்ரூஸ் கன்ட்ரோலை வரம்பில் வைத்துவிட்டு ஒரே சீராகப் போகிறார்கள். நெரிசல் நேரத்திலும் வண்டிகள் நின்று நின்று புறப்படுவது குறைகிறது. நெதர்லாந்தில் ராட்டர்டாம் அருகே ஓவர்ஸ்கீ குடியிருப்பை ஒட்டிச் செல்லும் ஏ13 சாலையில் 2002-இல் 80 கிலோமீட்டர் வரம்போடு இதை வைத்ததற்குக் காரணமே காற்று மாசும் இரைச்சலும்தான்.

குறைகளும் உண்டு. சிலர் சாலையைவிட வேகமானியையே அதிகம் பார்க்கிறார்கள். எல்லாரும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் போவதால் வண்டிகள் கூட்டமாகச் சேர்ந்து, இடைவெளி குறைகிறது. ஸ்காட்லாந்தின் டன்பிளேனிலிருந்து இன்வெர்னஸ் வரையிலான ஏ9 சாலையில் 2014-இல் இந்தக் கேமராக்களை நிறுவியபோது எதிர்ப்பு எழுந்தது. லாரிகளின் பின்னால் ஊர்ந்து பொறுமையிழப்பவர்கள் ஆபத்தாக முந்துவார்கள் என்ற கவலை நியாயமானதே. அதனால் அதே வேளையில் அந்தச் சாலையில் எதிரெதிர்த் திசை வண்டிகளுக்கு நடுவே தடுப்பு இல்லாத பகுதிகளில் கனரக லாரிகளுக்கான வரம்பை மணிக்கு 40 மைலிலிருந்து 50 மைலாக உயர்த்தினார்கள். கேமராவை மட்டும் நட்டுவிட்டுப் போகாமல் வரம்பையும் சேர்த்து யோசித்தது சரியான முடிவு என்பேன். பிரிட்டனில் இத்தகைய சாலைகளை ஆராய்ந்து, சாலைப் போக்குவரத்து ஆய்வு அமைப்பான ஆர்.ஏ.சி. அறக்கட்டளை 2016-இல் வெளியிட்ட அறிக்கை, விபத்துகள் பொதுவாகவே குறைந்துவந்த போக்கைக் கழித்த பிறகும், உயிரிழப்போ கடுங்காயமோ விளைந்த மோதல்கள் 36 விழுக்காடு குறைந்ததாகச் சொன்னது.

இரண்டு நம்பிக்கைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். இடையில் தடம் மாறினால் தப்பலாம் என்பது ஒன்று. எண்பலகையைக் கொண்டு வண்டியை அடையாளம் காணும் இன்றைய அமைப்புகள் எல்லாத் தடங்களையும் சேர்த்தே பார்க்கின்றன. வழியில் நிறுத்தி ஓய்வெடுத்தால் விட்ட நேரத்தை வேகமாக ஓட்டிப் பிடிக்கலாம் என்பது மற்றொன்று. கணக்குப்படி அது நடக்கும். ஆனால் மறுமுனையை முன்கூட்டி அடையமுடியாது, விரைந்த பகுதியில் இருந்த ஆபத்தும் குறையாது. அதே 10 கிலோமீட்டரில் 80-க்குப் பதிலாக 90-இல் போனால் மிச்சமாவது 50 நொடிதான் என்பதையும் இங்கே நினைவில் வைக்கலாம்.

பிற மொழிகள் இதற்கு வைத்த பெயர்களில் கேமராவும் சராசரியும் பெரும்பாலும் இல்லை. டச்சில் 'டிராயெக்ட்கன்ட்ரோல', ஆஸ்திரியாவில் 'செக்‌ஷன் கன்ட்ரோல்', பிரெஞ்சில் 'ராடார் ட்ரோன்சோன்', ஆஸ்திரேலியாவில் 'பாயிண்ட் டு பாயிண்ட்'. எல்லாமே சாலையின் ஒரு நீளத்தையோ அதன் இரு முனைகளையோ சுட்டுகின்றன. கருவியைவிட வழிக்கே முதலிடம் தருகின்றன.

தமிழில் என்ன சொல்லலாம்? 'சராசரி விரைவுப் படக்கருவி' என்று சொல்லுக்குச் சொல் மாற்றுவது எனக்கு உடன்பாடில்லை. படம் எடுப்பது இதன் சாரம் அல்ல. 'இருமுனை வேகக் கணிப்பி' சுருக்கமானது, ஆனால் பல சாலைகளில் இரண்டுக்கு மேற்பட்ட தூண்கள் இருக்கின்றன. 'பகுதி வேகக் கட்டுப்பாடு' என்றால் அரைகுறையான வேகம் என்று படிக்க இடம் தரும். முனைக்கு முனை என்ற பொருளைத் தன் வேரிலேயே வைத்திருக்கும் 'சராசரி' இந்த ஏற்பாட்டுக்கு அச்சாகப் பொருந்துகிறது. வேற்றுமொழி வேர் என்பதற்காக அதை விலக்கவேண்டியதில்லை. எனவே ஏற்பாடு முழுவதையும் 'சராசரிவேகக் கண்காணிப்பு' என்றும், தூணில் உள்ள கருவியை மட்டும் 'எண்பலகைக் கேமரா' என்றும் பிரித்து வழங்கலாம் என்பது என் பரிந்துரை. ஓரிடத்தில் அளக்கும் பழைய வகைக்கு 'ஓரிட வேகக் கேமரா' போதும். பேச்சில் 'சராசரிவேகக் கேமரா' நிலைத்துவிட்டால் அதிலும் குறையில்லை.

எழுதும்போது 'சராசரி', 'வேகம்' இரண்டையும் சேர்த்தே எழுதுவது நல்லது. 'சராசரி மனிதன்' என்பதுபோல் சாதாரணமானது என்ற பொருளும் இந்தச் சொல்லுக்கு இருப்பதால், பிரித்து எழுதினால் தரம் சுமாரான வேகக் கேமரா என்று படித்துவிடலாம். 'வேக' என்பதை அடுத்து வரும் ககரம் மிகும்: வேகக் கேமரா, வேகக் கண்காணிப்பு.