போகாத கழிப்பறைகள்

மூன்றாவது முறையாக நீர்க்கடுப்போடு வந்திருந்தார் அந்தப் பெண். முப்பது வயது இருக்கும். வேலை நிமித்தம் நாள் முழுக்க வெளியில் அலைபவர். உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டார்: "டாக்டர், வெளியில பாத்ரூம் போறதுனாலதான் இது. எனக்கு நல்லாத் தெரியும்." கைப்பையைத் திறந்து காட்டினார். இருக்கையில் அடிக்கிற ஸ்ப்ரே, காகித விரிப்பு, ஈரத் துடைப்பான், சானிடைசர், பிறப்புறுப்பைக் கழுவுவதற்கென்று விற்கிற வாசனைத் திரவம். உள்ளே ஒரு குட்டி மருந்துக்கடையே இருந்தது.

"இதையெல்லாம் கடைசியா எப்பம்மா எடுத்தீங்க?"

யோசித்தார். "போன வாரம்னு நினைக்கிறேன்."

"இன்னைக்கு?"

"இன்னைக்கு எங்கயுமே போகலையே."

காலை 7 மணிக்கு வீட்டில் போனதுதான். என் எதிரில் அவர் உட்கார்ந்திருந்தபோது மாலை மணி 5. தண்ணீர் பாட்டிலும் அதே பையில்தான் இருந்தது, முக்கால் பாகம் அப்படியே. "குடிச்சா வந்துடுமே டாக்டர், அதான்."

அவர் போன கழிப்பறைகளைச் சந்தேகித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தேகம் அவர் போகாமல் விட்டவற்றின் மேல். மகளிர் மருத்துவராக இத்தனை வருடத்தில் இதே உரையாடலை எத்தனை பேரோடு நடத்தியிருப்பேன் என்று கணக்கில்லை.

சாதாரணச் சிறுநீர்த் தொற்றுகளில் முக்கால்வாசிக்கு ஈ.கோலை என்ற ஒரே பாக்டீரியாதான் காரணம். அது குடியிருப்பது நம்முடைய சொந்தக் குடலில். ஆசனவாயிலிருந்து சிறுநீர்த் துவாரத்துக்கு அது கடக்க வேண்டிய தூரம் பெண்களுக்கு மிகக் குறைவு. அங்கிருந்து சிறுநீர்ப் பைக்குப் போகும் குழாயும் சுமார் 4 சென்டிமீட்டர் நீளம்தான். ஆண்களுக்கு அது 20 சென்டிமீட்டரை ஒட்டி வரும். நீர்க்கடுப்பு பெண்களை இவ்வளவு தேடி வருவதற்கு இந்த அளவு வித்தியாசம் ஒரு முக்கியக் காரணம். ஏறி வந்த கிருமியை வெளியே தள்ள உடலிடம் உள்ள எளிய வழி, சிறுநீரோடு அடித்துக்கொண்டு போகச் செய்வது. தண்ணீரும் குடிக்காமல், ஊறியதையும் பத்து மணி நேரம் தேக்கி வைத்தால், வெதுவெதுப்பான குட்டை கட்டிக் கிருமி வளர்க்கிறோம் என்றுதான் அர்த்தம். ஒருநாள் அடக்கினால் ஒன்றும் ஆகிவிடாது. தினமும் அடக்குவதைத்தான் சொல்கிறேன்.

2018-இல் ஓர் ஆய்வு வெளியானது. அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிற, நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடிக்கிற 140 பெண்களை எடுத்துக்கொண்டு, பாதிப் பேரை மட்டும் கூடுதலாக ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். ஓராண்டில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 முறை தொற்று வந்தது. மற்றவர்களுக்கு 3.2 முறை. பச்சைத் தண்ணீர் செய்த வேலை இது.

அப்படியானால் இருக்கையில் கிருமியே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கும். கதவுக் கைப்பிடியிலும் இருக்கும். ஆனால் இருக்கையில் படுவது தொடையும் பிட்டமும். புண்ணோ கீறலோ இல்லாத தோல் நல்ல மதில். எச்.ஐ.வி. இருக்கை வழியாகப் பரவாது. கொனோரியா, கிளமிடியா, சிபிலிஸ் போன்ற பால்வினை நோய்க் கிருமிகளெல்லாம் உடலின் சூட்டையும் ஈரத்தையும் விட்டு வெளியே வந்தால் தாக்குப்பிடிக்காதவை. ஈரமாக இருந்தால் துடைத்துவிட்டு உட்காருங்கள். காகிதம் விரித்தால்தான் மனம் ஒப்பும் என்றால் விரித்துக்கொள்ளுங்கள், தவறில்லை.

இங்கே ஒரு சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். பால்வினைத் தொற்று என்று பரிசோதனை முடிவு வந்ததும், "ஆபீஸ் டாய்லெட்ல வந்திருக்குமா டாக்டர்?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் பல சமயம் ஒரு கெஞ்சல் இருக்கும். பக்கத்து நாற்காலியில் கணவரோ மனைவியோ உட்கார்ந்திருப்பார். தொழிலுக்கு வந்த புதிதில், குடும்பத்தில் குழப்பம் வேண்டாமே என்று நானும் "இருக்கலாம்" என்று மழுப்பியிருக்கிறேன். அது தப்பு. பழியைக் கழிப்பறை மேல் போட்டுவிட்டால் துணைக்கு யார் மருந்து கொடுப்பார்கள்? ஒருவருக்குக் குணமான நோய் மற்றவரிடமிருந்து திரும்ப வந்து நிற்கும். இப்போது இருவரையும் தனித்தனியாக உட்காரவைத்துப் பேசுகிறேன். யாரால் வந்தது என்று விசாரிப்பது என் வேலை இல்லை. இருவரும் மருந்தை முடித்தார்களா என்று பார்ப்பதோடு சரி.

இதற்கு நேர்மாறான பயமும் உண்டு. அரிப்போடு வெள்ளைபடுவதைப் பார்த்துவிட்டு, எங்கோ தொற்றிக்கொண்டது என்று நடுங்கிக்கொண்டு வருபவர்களில் நிறையப் பேருக்கு இருப்பது கேண்டிடா என்ற பூஞ்சை. அதை எந்த இருக்கையும் தரவில்லை. ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகோ, சர்க்கரை எகிறிக் கிடக்கும்போதோ, ஏற்கெனவே உடலில் இருப்பதுதான் பெருகுகிறது. அந்த வாசனைத் திரவங்களும் இந்த விஷயத்தில் உதவாது. பிறப்புறுப்பின் உட்பகுதி 3.8 முதல் 4.5 வரையிலான பி.எச். அளவில் இயல்பாகவே அமிலமாக இருக்கிறது. லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியாக்கள் அதை அப்படி வைத்திருக்கின்றன. கிருமிநாசினி ஊற்றி உள்ளே கழுவுவது வாசல் காவலாளியை அடித்து விரட்டுவது மாதிரி. வெளிப்புறத்துக்கு வெறும் தண்ணீர் போதும். கழுவினாலும் துடைத்தாலும் கை முன்னிருந்து பின்னால் போக வேண்டும்.

இனி, அந்தரத்தில் நிற்கும் கலை. இருக்கையில் உடல் படாமல் முழங்காலை மடக்கி, ஒரு கையால் உடையையும் மறு கையால் பையையும் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி நிற்பது. 1991-இல் பிரிட்டனில் மகளிர் நோய்ப் பிரிவுக்கு வந்த பெண்களிடம் கேட்டபோது, பொதுக் கழிப்பறையில் 85 சதவீதம் பேர் இப்படித்தான் போகிறோம் என்றார்கள். அந்த நிலையில் அளந்து பார்த்ததில் சிறுநீர் வெளியேறும் வேகம் 21 சதவீதம் குறைந்திருந்தது. சிறுநீர்ப் பையில் மிச்சம் தங்கும் அளவு 149 சதவீதம் கூடியிருந்தது. தொடையும் இடுப்பும் விறைத்து நிற்கும்போது, தளர வேண்டிய இடுப்புத்தளத் தசை தளர மறுக்கிறது. முழுக்கக் குந்தினால் அது நன்றாகவே தளரும், முழுக்க உட்கார்ந்தாலும் தளரும். அரைகுறையாக நிற்பதுதான் சிக்கல். இன்னொன்று, அப்படி நிற்பவர்கள்தான் அடுத்தவருக்கு இருக்கையை நனைத்துவிட்டுப் போகிறார்கள். அவர் அதைப் பார்த்துவிட்டு அவரும் நிற்கிறார். இருக்கை மேல் செருப்புக் காலோடு ஏறிக் குந்துவது அதைவிட மோசம். பீங்கான் உடைந்தால் தொடையை ஆழமாகக் கிழித்துவிடும். அப்படிக் கிழிபட்டுத் தையல் போட்டுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

பயப்படத்தான் வேண்டும் என்றால் கைக்குப் பயப்படுங்கள். கழிப்பறையிலிருந்து உண்மையாகவே நோயைச் சுமந்து வருவது அதுதான். போய்ச் சேருமிடம் வாய். வயிற்றுப்போக்கும் வாந்தியும் தரும் நோரோவைரஸ் மிகச் சில துகள்கள் உள்ளே போனாலே போதும், ஆளைப் படுக்கவைத்துவிடும். கைப்பிடிகளிலும் குழாய்த் திருகுகளிலும் நாள்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். சானிடைசருக்கு அது அவ்வளவாக மசியாது. சோப்பும் தண்ணீரும் போட்டு 20 நொடி தேய்த்தால் உரிந்து ஓடிவிடும். 20 நொடி என்பது நினைப்பதைவிட நீளம். 2013-இல் வந்த மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வில், பொதுக் கழிப்பறைகளில் 3,749 பேர் கை கழுவுவதை ஒளிந்திருந்து கவனித்தார்கள். தேவையான நேரம் கழுவியவர்கள் 5 சதவீதம் பேர்தான். சராசரி 6 நொடி. பத்தில் ஒருவர் குழாய்ப் பக்கமே போகவில்லை. கழுவிய கையை உலர்த்தவும் வேண்டும். ஈரக் கை கிருமியை வாங்கவும் கொடுக்கவும் வசதி.

அவ்வளவு பாடுபட்டுக் கழுவிய கை அடுத்து எடுப்பது செல்போனை. உள்ளே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அதே செல்போன்! 2011-இல் பிரிட்டனில் சோதித்தபோது ஆறில் ஒரு போனில் ஈ.கோலை இருந்தது. ஸ்ப்ரே வாங்கும் காசில் போனைப் பையிலேயே விடும் பழக்கத்தை யாராவது விற்றால் நன்றாக இருக்கும்.

மூடியை மூடிவிட்டு ஃப்ளஷ் செய்ய வேண்டுமா என்றும் கேட்பார்கள். நீர்த்திவலைகள் எழுவது உண்மை. 2022-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் பச்சை லேசர் அடித்துப் பார்த்தபோது, மூடியில்லாத கழிப்பறையிலிருந்து அவை 8 நொடிக்குள் ஒன்றரை மீட்டர் உயரத்தை எட்டின. மூடினாலும் வைரஸ் பரவுவது பெரிதாகக் குறையவில்லை என்று 2024-இல் வேறொரு ஆய்வு சொன்னது. ஃப்ளஷ் செய்தோமா, வெளியே வந்தோமா என்று இருந்தால் போதும்.

மாதவிடாய் நாள்களில் ஒரு விஷயம் கூடுதல்: நாப்கினோ கப்போ மாற்றுவதற்கு முன்பும் கை கழுவுங்கள். வெளிக் கதவு, தாழ்ப்பாள், குழாய் எல்லாம் தொட்ட கை அது. கழிப்பறை பிடிக்கவில்லை என்று காலையில் வைத்த நாப்கினோடு மாலை வரை இருப்பவர்களுக்குத் தொடை இடுக்கில் வருகிற தோல் புண் எனக்கு மிகவும் பரிச்சயம்.

'ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்கக் கூடாது' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்போம். அதையே பிடித்துக்கொண்டு மறுகோடிக்குப் போகிறவர்களும் உண்டு. வெளியே கிளம்பும் முன் ஒருமுறை, கிளம்பி வாசலில் நின்று இன்னொருமுறை, வழியில் எதற்கும் இருக்கட்டுமே என்று மறுமுறை. சிறுநீர்ப் பை 400 மில்லிக்கு மேல் கொள்ளும். அதைக் கால்வாசியிலேயே காலி செய்து பழக்கினால், கால்வாசியிலேயே அது அவசரப்படுத்தக் கற்றுக்கொள்ளும். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது பெரியவர்களுக்குச் சரியான தாளம்.

பயம் வேறு வடிவத்திலும் வரும். பக்கத்தில் ஆள் இருந்தால் சிலருக்குச் சிறுநீரே இறங்காது. இதற்கு 1954-லேயே பாரூரீசிஸ் என்று பெயர் வைத்தார்கள். அப்போது கேட்ட 1,419 மாணவர்களில் 14.4 சதவீதம் பேர் தங்களுக்கு அப்படி நேர்ந்ததுண்டு என்றார்கள். வரிசையாக நின்று போக வேண்டிய ஆண்களுக்கு இது பெரிய அவஸ்தை, வெளியே சொல்லவும் மாட்டார்கள். ஆளரவம் இல்லாத இடத்தில் தொடங்கி, படிப்படியாகக் கூட்டம் உள்ள இடத்துக்குப் பழக்கும் சிகிச்சை உண்டு. கைத்தோல் உரியும் வரை கழுவுவது, கழிப்பறையை நினைத்தே பயணங்களை ரத்து செய்வது எல்லாம் வந்துவிட்டால், அது சுத்தம் சம்பந்தப்பட்ட பிரச்சினை இல்லை. மனநல மருத்துவரைப் பாருங்கள்.

குழந்தை பள்ளியிலிருந்து வந்ததும் பையை எறிந்துவிட்டுப் பாத்ரூமுக்கு ஓடுகிறதா? சிரிக்காதீர்கள், கேளுங்கள். காலையில் போட்ட தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பாருங்கள். மலத்தை அடக்கினால் குடல் தண்ணீரை உறிஞ்சி அதை இறுக்கிவிடும். இறுகிய மலம் சிறுநீர்ப் பையை அழுத்தும். அங்கே தொற்று வரும். எரிச்சலோடு குளிர்காய்ச்சல், விலாப்புற வலி, சிறுநீரில் ரத்தம் என்றால் யாராக இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். கர்ப்பிணிகள் லேசான எரிச்சலைக்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

முதலில் சொன்ன பெண்ணிடம் இதில் பாதியைச் சொல்லி முடித்து, "இங்கயே போயிட்டு வாங்களேன், டெஸ்ட்டுக்கும் எடுக்கணும்" என்றேன். தயங்கினார். "வரும்போதே எட்டிப் பார்த்தேன் டாக்டர். தாழ்ப்பாள் சரியில்ல. பையை மாட்ட எடமும் இல்ல."

எனக்கென்று தனிக் கழிப்பறை இருக்கிறது. நோயாளிகளுடையதற்குள் நான் கால் வைத்து இரண்டு வருடமாவது ஆகியிருக்கும். அன்று போய்ப் பார்த்தேன். தாழ்ப்பாள் ஆடிக்கொண்டிருந்தது. கொக்கி இல்லை. சோப்புக் குப்பியில் சோப்பு தீர்ந்து, தண்ணீர் ஊற்றி, அதுவும் தீர்ந்திருந்தது. மாதிரி எடுத்து வாருங்கள் என்று தினமும் எத்தனை பேரை நான் அங்கே அனுப்பியிருக்கிறேன்! மறுநாளே தாழ்ப்பாள் மாற்றி, இரண்டு கொக்கி அடித்து, காலால் திறக்கும் குப்பைத் தொட்டி வைத்தோம். சோப்பை நிரப்புவது யார் பொறுப்பு என்பதில் மட்டும் ஊழியர்களுக்குள் இன்னும் ஒரு தகராறு ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரு மாதம் கழித்து அவர் மறுபரிசோதனைக்கு வந்தார். பையை என் எதிர் நாற்காலியில் வைத்துவிட்டு, "ஒரு நிமிஷம் டாக்டர், வந்துடறேன்" என்று வெறுங்கையோடு உள்ளே போனார்.