வாந்திக்கு நல்லதாமே? கர்ப்பிணிகள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கஞ்சாக் கேள்வி

சிங்கப்பூரில் இருந்துகொண்டு கஞ்சாவைப் பற்றி எழுத என்ன இருக்கிறது, சட்டம்தான் இவ்வளவு கடுமையாக இருக்கிறதே என்று சிலர் நினைக்கலாம். தாய்ப்பால் ஆலோசகராக வேலை பார்க்கும் என் காதில் இந்தக் கேள்வி முன்பைவிட இப்போது அதிகமாக விழுகிறது. பேங்காக்கில் விடுமுறையைக் கழித்துவிட்டு வந்து, நாள் தள்ளிப்போனதை அதன்பிறகே கவனித்தவர்கள் இருக்கிறார்கள். மெல்பர்னில் படித்த காலத்துப் பழக்கத்தை இன்னும் முழுதாக விடாதவர்களும் இருக்கிறார்கள். டொரோண்டோவிலிருக்கும் நாத்தனார், "இங்கே கடையிலேயே விற்கிறார்கள், மசக்கைக்கு நன்றாகக் கேட்கும்" என்று அனுப்பிய செய்தியைக் காட்டிக் கேட்பவர்களும் உண்டு. எல்லோரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள்: "அக்கா, ஒன்று கேட்கலாமா, தப்பாக நினைக்க மாட்டீங்களே?"

நினைக்க மாட்டேன், கேளுங்கள். கேட்காமல் இருப்பதுதான் எனக்குப் பயம்.

முதலில் வாந்தி. கஞ்சா குமட்டலைக் குறைக்கும் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்றால், புற்றுநோய் சிகிச்சையில் வரும் வாந்திக்கு அதிலிருந்து எடுத்த மருந்துகளைக் கொடுப்பது உண்டு. ஆனால் அந்த நோயாளியின் வயிற்றில் குழந்தை இல்லை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், எட்டு வாரக் கர்ப்பிணி என்று சொல்லிக்கொண்டு ஆய்வாளர்கள் 400 கஞ்சாக் கடைகளுக்குத் தொலைபேசியில் பேசிப் பார்த்தார்கள். சுமார் 69 விழுக்காட்டுக் கடைகள் மசக்கைக்கு அதைச் சிபாரிசு செய்தன. 2018ல் வெளியான ஆய்வு இது. விற்பவர் சொல்வதை மருத்துவம் என்று எடுத்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும். தாய்லாந்து 2022ல் கஞ்சாவைத் திறந்துவிட்டதே என்பார்கள். அப்போதும்கூட கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் 20 வயதுக்குக் கீழானவர்களுக்கும் விற்கக்கூடாது என்றுதான் அந்நாட்டு விதி சொன்னது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: நீண்டகாலம் தொடர்ந்து கஞ்சா எடுப்பவர்களுக்கு அதுவே ஓயாத வாந்தியைக் கொண்டுவருவதுண்டு. சுடுநீரில் குளித்தால் மட்டும் கொஞ்சம் அடங்கும். அதை மசக்கை என்று நினைத்து, வாந்தி நிற்க மேலும் கொஞ்சம் எடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

சரி, அது குழந்தையை என்ன செய்கிறது? கஞ்சாவில் போதை தரும் டிஎச்சி கொழுப்பில் கரையும் பொருள். இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும். மது போல சில மணி நேரத்தில் ரத்தத்தை விட்டுப் போய்விடாது, உடல் கொழுப்பில் போய்த் தங்கிக்கொண்டு நாள்கணக்கில், தொடர்ந்து எடுப்பவர்களுக்கு வாரக்கணக்கில், மெல்ல மெல்லக் கசியும். நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போகும். நரம்புகள் ஒன்றோடொன்று சேர்வதை ஒழுங்குபடுத்த நம் மூளைக்கென்றே இயற்கையான ஓர் ஏற்பாடு உண்டு; டிஎச்சி போய் ஒட்டிக்கொள்வது அந்த ஏற்பாட்டின் வாங்கிகளில்தான், அதாவது நரம்பு செல்கள் செய்தியை ஏற்கும் இடங்களில்தான். அவை கருவின் மூளையிலேயே உருவாகிவிடுகின்றன. புகைத்தால் அதோடு கார்பன் மோனாக்சைடும் சேர்ந்துகொள்ளும், குழந்தைக்குப் போகும் ஆக்சிஜன் குறையும். மிட்டாய், பிஸ்கட், வேப் என்று வடிவம் மாறினாலும் டிஎச்சி அதேதான்.

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 6,60,000க்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு 2019ல் வந்தது. கஞ்சா எடுக்காதவர்களில் 6.1 விழுக்காட்டினருக்கும், எடுத்ததாகச் சொன்னவர்களில் 12 விழுக்காட்டினருக்கும் 37 வாரத்துக்கு முன்பே பிரசவமாகியிருந்தது. புகைபிடித்தல், வருமானம் போன்ற வேறுபாடுகளைச் சரிசெய்து ஒப்பிட்டபோதும் அபாயம் 41 விழுக்காடு அதிகம். எடை குறைந்து பிறப்பது, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ப்பது ஆகியவையும் இப்படித்தான். வளர்ந்தபின் கவனம், நடத்தை, கற்றல் ஆகியவற்றில் வரும் சிக்கல்களோடும் தொடர்பு தெரிகிறது. அதில் கஞ்சாவின் பங்கு எவ்வளவு, மற்றவற்றின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் இவ்வளவு வரை எடுக்கலாம், ஒன்றும் ஆகாது என்று சொல்ல யாரிடமும் ஓர் அளவு இல்லை.

"இயற்கை மூலிகைதானே, லேகியத்திலேயே சேர்ப்பார்களே" என்று ஒரு மாமியார் என்னிடம் கேட்டார். சில பழைய சித்த மருந்துகளில் கஞ்சா சேர்வது உண்மைதான். ஆனால் பப்பாளிக்காயும் மரத்தில் காய்ப்பதுதான், மாசமாக இருக்கும் மருமகளுக்கு அதைப் பொரியல் செய்து போடுவீர்களா என்று கேட்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது. கஞ்சாச் செடியிலிருந்தே எடுத்து, போதை இல்லை என்று விற்கப்படும் சிபிடி எண்ணெயையும் இந்தக் காலத்தில் தவிர்க்கும்படி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2019லேயே சொல்லிவிட்டது.

பால் கொடுப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, "பம்ப் செய்து கொட்டிவிட்டு அடுத்த வேளையிலிருந்து கொடுக்கலாமா?" என்பதுதான். மதுவுக்குச் சொல்லும் கணக்கை இதற்கும் போடுகிறார்கள். அது இங்கே செல்லாது, ஏனென்றால் பாலிலும் கொழுப்பு இருக்கிறது, டிஎச்சி அதில் தங்கிக்கொள்ளும். கலிபோர்னியாவில் செய்து 2018ல் வெளியான ஆய்வில், கடைசியாக எடுத்து ஆறு நாள் வரை பாலில் டிஎச்சி தென்பட்டது. 2021ல் வந்த ஒரு சிறிய ஆய்வில், பிரசவத்துக்குப் பின் நிறுத்திவிட்ட தாய்மார்களின் பாலில் ஆறு வாரம் ஆகியும் இருந்தது. ஒரு வேளைப் பாலைக் கொட்டினால் அடுத்த வேளைப் பாலிலும் அது இருக்கத்தான் செய்யும். அப்பா வீட்டில் புகைத்தாலும் அந்தப் புகை குழந்தையின் நுரையீரலுக்குத்தான் போகிறது. போதையில் குழந்தையைப் பக்கத்தில் போட்டுத் தூங்குவது இன்னும் பெரிய ஆபத்து, இதை இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

சட்டத்தையும் மறைக்க முடியாது. இங்கே கஞ்சா 'ஏ' வகைப் போதைப்பொருள். உட்கொண்டால் 10 ஆண்டு வரை சிறை, 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் எடுத்தாலும் இதேதான். போதைக்கு அடிமையானவர் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால், மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவுக்குத் தெரிவிக்கும் கடமை மருத்துவருக்கு உண்டு. இதைக் கேட்டதும் பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள், அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் வளர்ச்சி ஸ்கேனை எப்போது எடுப்பது, பிறந்த குழந்தையை எப்படிக் கவனிப்பது என்பதெல்லாம் நீங்கள் சொல்வதை வைத்துத்தான் முடிவாகும். மனநலக் கழகத்தில் போதைப் பழக்கத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

கர்ப்பம் என்று தெரியுமுன் ஒருமுறை எடுத்துவிட்டு, இப்போது தூக்கமில்லாமல் அழுபவர்களுக்கு: உங்கள் குழந்தைக்குக் கட்டாயம் கெடுதல் நடந்துவிட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. இன்றைக்கே நிறுத்துங்கள், மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள். தினமும் எடுத்தவர் திடீரென்று நிறுத்தினால் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை என்று ஓரிரு வாரம் படுத்தும். உதவியோடு நிறுத்துவது நல்லது. மசக்கைக்கு இஞ்சி, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவது, கேட்காவிட்டால் வைட்டமின் பி6, டாக்சிலமின் என்று கர்ப்பத்தில் நீண்டகாலமாகப் பயன்படும் மருந்துகள் இருக்கின்றன. மருத்துவரைக் கேட்டு எடுங்கள். தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை, சிறுநீர் அடர்நிறமாகிவிட்டது என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மன அழுத்தத்துக்காகவோ தூக்கத்துக்காகவோ எடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள், பால் கொடுக்கும்போதும் எடுக்கக்கூடிய மருந்துகள் அதற்கு இருக்கின்றன.

பால் கொடுத்துக்கொண்டிருப்பவர் நிறுத்தியதும், எப்போது மறுபடி கொடுக்கலாம் என்பதைக் குழந்தை மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள். அதுவரை பால் வற்றிவிடாமல் இருக்க இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பம்ப் செய்யுங்கள், ராத்திரியில் ஒருதடவையாவது. அந்தப் பாலை ஃப்ரீசரில் சேர்த்துவைக்காமல் கொட்டிவிட்டு, குழந்தைக்குப் பால்மாவு கொடுங்கள்.