ஒசெம்பிக் முகம்: சொல்லும் பொருளும் தமிழும்

உடல் எடை வேகமாகக் குறைந்த ஒருவருக்கு நெற்றிப்பொட்டு குழிந்து, கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே பள்ளம் விழுகிறது. மூக்கோரத்திலிருந்து வாயோரம் இறங்கும் மடிப்பு ஆழமாகித் தாடையோரத்தில் தோல் தொங்குகிறது. இந்தத் தோற்றத்துக்குப் பத்திரிகைகள் பரப்பிய பெயர்தான் 'ஒசெம்பிக் முகம்'. மருத்துவத்தில் இந்தப் பெயரில் தனி நோய் கிடையாது.

ஒசெம்பிக் என்பது செமாகுளுடைடு மருந்துக்கு டென்மார்க்கின் நோவோ நார்டிஸ்க் நிறுவனம் இட்ட வணிகப் பெயர். வாரம் ஒருமுறை தோலடியில் போட்டுக்கொள்ளும் ஊசி. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்காக அமெரிக்காவில் 2017 டிசம்பரில் அனுமதி பெற்றது. அதே மருந்து கூடுதல் அளவில், எடைக் குறைப்புக்கென்றே, வீகோவி என்ற பெயரில் 2021 ஜூனில் வந்தது. அந்த அளவை வைத்து நடந்த பெரிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 14.9 விழுக்காடு எடை குறைந்தது. 80 கிலோ உள்ளவருக்கு அது ஏறத்தாழ 12 கிலோ. நியூயார்க் தோல் மருத்துவர் பால் ஜாரட் ஃபிராங்க் பெயரோடு சேர்த்து இந்தச் சொற்றொடர் 2023 தொடக்கத்தில் உலகெங்கும் பரவியது. இந்தியாவில் 2025 மார்ச்சில் மவுஞ்சாரோ என்ற இன்னொரு நிறுவனத்தின் எடைக் குறைப்பு ஊசியும் ஜூனில் வீகோவியும் விற்பனைக்கு வந்த பிறகு, காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமும் ஊசி போடுகிறவர்களும் இந்தப் பெயரும் சேர்ந்தே வந்துவிட்டார்கள்.

பெயர் மருந்தைக் குற்றவாளி ஆக்குகிறது. ஆனால் இரைப்பைச் சுருக்க அறுவைக்குப் பிறகும், நீண்ட காய்ச்சலுக்குப் பிறகும், கடும் பட்டினியிலும் இதே முகம் வரும். 2000-க்கு முன்னும் பின்னும் எச்.ஐ.வி.க்கு ஸ்டாவுடின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் கன்னக் கொழுப்பு கரைந்து போனது. அவர்களுக்காகத்தான் ஒட்டிய கன்னத்தைத் தேற்றும் பாலி எல் லாக்டிக் அமில ஊசிக்கு 2004-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்று அழகு மருத்துவத்தில் புதுமை போலப் பேசப்படும் ஊசி, நோயாளி என்று ஊர் அடையாளம் காணாதிருக்க வேண்டி வந்த மருந்து. இதைச் சொல்லாமல் இந்தச் சொல்லின் வரலாறு முழுமையாகாது.

முகத்துக் கொழுப்பு ஒரே படலமாக இருப்பதில்லை. ரோரிச், பெஸா என்ற இரு மருத்துவர்கள் 2007-இல் காட்டியபடி, அது தனித்தனி அறைகளாகப் பிரிந்திருக்கிறது. தோலை ஒட்டிச் சில, எலும்பை ஒட்டிச் சில. எடை குறையும்போது இவை சுருங்குகின்றன. மேலே இருக்கும் தோல் அதே வேகத்தில் சுருங்குவதில்லை. பந்தல் கால்களைக் குட்டையாக்கிவிட்டால் மேல் துணி தொய்வது போலத்தான். இருபத்தைந்து வயதில் தோல் ஓரளவு திரும்ப இழுத்துக்கொள்ளும். நாற்பத்தைந்தைத் தாண்டியவருக்கும், புகை பிடிப்பவருக்கும், பல காலம் வெயிலில் அலைந்தவருக்கும் அந்த இழுவை குறைவு.

சரி, தமிழில் என்ன சொல்வது? செட்டிநாட்டுக் கல்யாண வீட்டு வளவில் இது புதுச் செய்தியே இல்லை. "என்ன ஆச்சி, கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு, மேலுக்கு முடியலையா?" என்ற கேள்வியில் எல்லாம் அடங்கிவிடுகிறது. 'டொக்கு விழுந்த கன்னம்' என்பதும் வழக்கில் உண்டு; படம் துல்லியமாக இருந்தாலும் அது ஏளனச் சொல், நோயாளியின் சீட்டில் எழுத முடியாது. 'முகவாட்டம்' என்றால் மனக்கவலை என்றே யாரும் புரிந்துகொள்வார்கள். 'முகச்சுருக்கம்' தோலின் திரையை மட்டும் சுட்டும். 'இளைப்பு' பொருந்தும் போலிருக்கும். பேச்சில் அது மூச்சுவாங்கலுக்குப் போய்விட்டது. 'முகமெலிவு' என்பதே சரியான சொல். உடல்மெலிவு என்று ஏற்கெனவே வழங்குகிறோம். காரணம் எதுவானாலும் பொருந்தும், எந்த நிறுவனத்தின் பெயரையும் சுமக்காது. எச்.ஐ.வி. மருந்தால் வருவதுபோலக் கொழுப்பு மட்டும் கரைவதை 'முகக் கொழுப்பிழப்பு' என்று பிரித்துச் சொல்லலாம்.

இதற்கான சிகிச்சையை விளம்பரங்கள் 'புத்திளமை', 'இளமை மீட்பு' என்கின்றன. இரண்டும் தவறான ஆசையைக் கிளப்பும் சொற்கள். போனது வயது இல்லை, சதைப்பிடிப்பு. "முகத்துல சதைப்பிடிப்பே இல்லை" என்று நம் வீடுகளில் சொல்வதை அப்படியே எடுத்துச் 'சதைப்பிடிப்பு மீட்பு' என்பதே நேர்மையான பெயர்.

அந்த மீட்பில் முதல் வேலை காத்திருப்பது. எடை ஒரே நிலையில் மூன்று முதல் ஆறு மாதம் நிற்க வேண்டும். இறங்கிக்கொண்டிருக்கும்போதே நிரப்பினால் அளவு தப்பும். இன்னும் குறைத்துக்கொண்டிருப்பவர் வாரத்துக்கு அரை முதல் ஒரு கிலோவுக்கு மேல் போகாதபடி மருத்துவரிடம் மருந்தளவைப் பேச வேண்டும். புரதம் ஒரு கிலோ எடைக்கு 1.2 கிராம், அதாவது 70 கிலோவுக்கு 84 கிராம். ஊசி போட்டவருக்கு நாலு வாயிலேயே வயிறு நிரம்பிவிடும். அந்த நாலு வாயும் வெள்ளைப் பணியாரமாகவும் கவுனி அரிசியாகவும் போனால் தசையும் சேர்ந்து கரையும். முட்டை, கோழி, காடை, சுண்டல் முதலில், பலகாரம் பிறகு. ஒரு முட்டையில் 6 கிராம், வெந்த கோழிக்கறி 100 கிராமில் 25 கிராமுக்குக் குறையாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. புரதம் உடல் தசையைக் காக்கும், கன்னக் கொழுப்பைத் திருப்பித் தராது. முகப்பயிற்சியும் தராது.

ஹையலூரானிக் அமில நிரப்பி, அதாவது குழிந்த இடத்தில் ஊசியால் செலுத்தும் கூழ், உடனே தெரியும் பலன் தருவது. ஒரு ஊசிக்குழலில் 1 மில்லி, தேக்கரண்டியில் ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே மெலிந்த முகத்துக்கு ஒன்று போதாது. நெற்றிப்பொட்டிலும் கன்ன எலும்பின் மேலும் ஆழத்தில் தாங்கு கொடுத்த பிறகே வாயோர மடிப்பைத் தொட வேண்டும். மடிப்பை மட்டும் நிரப்பினால் முகத்தின் கீழ்ப்பாதி கனத்துவிடும். கண்ணுக்குக் கீழே மேலோட்டமாகப் போட்டால் நீலம் பாரிக்கும். ஆறு மாதம் முதல் ஒன்றரை ஆண்டு வரை நிற்கும்.

பாலி எல் லாக்டிக் அமிலம் எதையும் நிரப்புவதில்லை. தோலடியில் கொலாஜன் என்ற, தோலைத் தாங்கும் புரதத்தைத் தூண்டும். நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் இரண்டு மூன்று முறை போட வேண்டும். பலன் மெல்ல ஏறி இரண்டு ஆண்டு வரை இருக்கும். ஊசிக்குப் பின் ஐந்து நாள், நாளுக்கு ஐந்து முறை, ஐந்து நிமிடம் நீவிவிட வேண்டும். நீவாமல் விட்டாலும், மருந்தைக் கெட்டியாகக் கலக்கினாலும் தோலடியில் முடிச்சு விழும். தை மாதக் கல்யாணத்துக்கோ அறுபதாம் கல்யாணத்துக்கோ முகம் தேற வேண்டுமென்றால் ஆவணியில் தொடங்கினால்தான் சரிவரும். மார்கழியில் யோசிப்பவருக்கு ஹையலூரானிக் நிரப்பிதான் உண்டு. அதையும் விழாவுக்கு ஒரு மாதம் முன்பே முடித்துவிட வேண்டும், வீக்கமும் கன்றலும் அடங்க நாள் வேண்டும்.

வயிறு அல்லது தொடையிலிருந்து கொழுப்பை எடுத்துக் கன்னத்தில் வைக்கும் கொழுப்பு ஒட்டு நிலைத்தால் நெடுநாள் நிற்கும். ஒரு பகுதி கரைந்துபோவதால் மறுமுறை தேவைப்படலாம். பிற்பாடு எடை ஏறினால் ஒட்டிய கொழுப்பும் சேர்ந்து பருக்கும். தோல் மிகவும் தொங்கியவருக்கு அறுவைதான் வழி. மயக்கம் கொடுக்கும் முன் எடைக் குறைப்பு ஊசி போடுவதை மறைக்கக் கூடாது: இரைப்பை மெதுவாகக் காலியாவதால் உணவு மூச்சுக்குழாயில் ஏறும் ஆபத்து உண்டு.

நிரப்பி தவறி ரத்தக்குழாய்க்குள் போனால் தோல் உடனே வெளுக்கும் அல்லது வலைபோலக் கருஞ்சிவப்புத் திட்டுக்கள் படரும், வலி கூடும். கண்ணுக்குப் போகும் குழாய் அடைபட்டால் பார்வையே போகலாம். ஹையலூரானிக் நிரப்பியைக் கரைக்க ஹையலுரோனிடேஸ் என்ற நொதி உண்டு. பாலி எல் லாக்டிக் அமிலத்துக்கும் கொழுப்பு ஒட்டுக்கும் அப்படி மாற்றுமருந்து இல்லை. அந்த நொதி கைவசம் இருக்கிறதா என்று ஊசிக்கு முன்பே கேளுங்கள். இல்லையென்றால் அங்கே போட்டுக்கொள்ள வேண்டாம்.